ஒரே ஒரு பக்கம் படித்தவர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கல்லில் தோசை, காதில் போன். மறுமுனையில் ஈஸ்வரமூர்த்தி. கிணத்துக்கடவு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட். என் மகள் அங்கே படித்த காலத்திலிருந்து பழக்கம்.

"ஏனுங்க மேடம், சவுக்கியமுங்களா? நாளைக்குக் காலைல நம்ம ஸ்கூல் வரைக்கும் வந்துட்டுப் போகோணுமுங்க. நீங்க வந்தாத்தான் சரிப்படுமுங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவளைப் பள்ளிக்கூடத்தில் வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? ஆண்டு விழா. பொன்னாடை. ஒரு மரக்கன்று. 'வாசிப்பின் அவசியம்' என்று பேச வேண்டும்... பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். பேச்சுக்கும் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

போய் இறங்கினால் பந்தலையும் காணோம், மைக்கையும் காணோம். ஆபீஸ் அறையில் ஒரு நீள மேஜை. சுற்றிலும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி நாலைந்து முகங்கள். ஜரிகை மினுமினுக்க நான்!

"வாங்க மேடம். ஒரு கமிட்டி போட்டிருக்கோமுங்க. நீங்கதான் நடுநிலை ஆளுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"எதுக்குங்க கமிட்டி?"

"நம்ம லைப்ரரில ஒரு புத்தகமுங்க. அதத் தடை பண்றதா, உட்டுடறதான்னு முடிவு பண்ணோணுங்க."

'வாசிப்பின் அவசியம்' கைப்பைக்குள்ளேயே படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். செந்தில்குமார் என்பவருக்குத் தென்னந்தோப்பு, இளநீர் வியாபாரம். லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறவர். அவருடைய மகள் நிவேதா ஒன்பதாம் வகுப்பு. பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சோபாவில் கிடந்த புத்தகத்தை அப்பா சும்மா பிரித்திருக்கிறார். நடுவில் ஒரு பக்கம். அதில் கதாநாயகி இப்படி நினைக்கிறாள்:

'விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. பஸ் ஸ்டாண்டில் சரவணன் காத்திருப்பான்.'

அவ்வளவுதான். பக்கம் அங்கே முடிகிறது. செந்தில்குமாரின் பொறுமையும் அங்கேயே முடிந்தது. போனை எடுத்தார், போட்டோ பிடித்தார், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'நம்ம பிள்ளைகளுக்கு ஸ்கூலில் என்ன கொடுக்கிறார்கள் பாருங்கள்.'

குரூப் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? சிவப்புக் கோப முகங்கள் கொட்டின. 'இதுக்குத்தான் ஃபீஸ் கட்டறமா?' என்றார் ஒருவர். 'யார் அந்த லைப்ரரியன்?' என்று கேட்டார் இன்னொருவர். பேரும் போட்டோவும் வந்து விழுந்தன. பக்கத்து ஸ்கூல் குரூப்புக்குப் போனது, அங்கிருந்து மாமன் மச்சான் குரூப்புக்குப் போனது. சாயங்காலம் ஆவதற்குள் 'பொண்ணுங்க ஓடிப்போறதுக்குப் பாடம் நடத்தற பள்ளிக்கூடம்' என்று ஆகிவிட்டது.

மறுநாள் நூலகத்துக்குப் பூட்டு. நூலகர் கலாமணியை ஃபீஸ் கவுன்ட்டரில் ரசீது போட உட்கார வைத்துவிட்டார்கள். நூலகத்தில் 'வேறு ஏதாவது' இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆசிரியர்களுக்கு உத்தரவு.

அவர்கள் பாவம், எத்தனை புத்தகத்தைத்தான் படிப்பார்கள்? தலைப்பையும் அட்டையையும் பார்த்தே அலமாரியைக் காலி செய்தார்கள். வயதுக்கு வரும் பெண்களுக்காக ஒரு டாக்டர் எழுதிய உடல்நலப் புத்தகம் போனது. வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய படப் புத்தகம், இனச்சேர்க்கை என்று ஒரு வார்த்தை இருந்ததால் போனது. 'ஓடிப்போன ஒட்டகம்' என்று சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கதை... அதுவும் போனது. எதற்கு என்றா கேட்கிறீர்கள்? ஓடிப்போச்சே!

நான் சிரித்துவிட்டேன். மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எதிரே கலாமணி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஊர் முழுக்கச் சுற்றிய போட்டோ அவருடையது அல்லவா?

கூட்டம் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு இளநீர். கொண்டு வந்தவர் யார்? புகார் கொடுத்த செந்தில்குமார்தான்! "தண்ணி நல்லா இருக்குமுங்க, குடிங்க" என்று கலாமணிக்கும் தன் கையாலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்த நிமிடம் எழுந்து நின்று, "இந்தப் புத்தகத்தையெல்லாம் ஒட்டுக்கா தூக்கிக் கடாசிப்போடோணுமுங்க" என்றார். இதுதாங்க எங்கள் கொங்கு. சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம்.

இன்னொரு பெற்றோர் பிரதிநிதி சுஜாதா. பொள்ளாச்சியில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய பையன் எட்டாம் வகுப்பு. "நம்ம பையன் புத்தகத்தக் கையில எடுத்தான்னாலே நான் ஸ்வீட் வாங்கிக் குடுப்பனுங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கற அளவுக்கு எனக்கு இன்னும் கொடுப்பினை வரலீங்க" என்றார்.

நான் நடுநிலை ஆள் அல்லவா? தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். "இந்தப் புத்தகத்த யாரெல்லாம் முழுசாப் படிச்சிருக்கீங்க?"

எல்லோரும் இளநீரை எடுத்து உறிஞ்சினார்கள்.

செந்தில்குமார் ஒரு பக்கம் படித்திருந்தார். ஈஸ்வரமூர்த்தி, செந்தில்குமார் அனுப்பிய அதே பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்திருந்தார். சுஜாதா அதையும் படிக்கவில்லை. நான்? ஆண்டு விழா என்று நினைத்துக்கொண்டு வந்தவளாயிற்றே! கலாமணி மட்டும் கையைத் தூக்கினார். தோள் அளவுக்குத்தான் தூக்கினார்.

"அப்பறம் நாம எதத் தடை பண்றதுக்கு உக்காந்திருக்கறமுங்க?" என்றார் சுஜாதா.

"புகார் குடுத்தவரே படிக்கட்டுமுங்க. இங்கயே. சத்தமா" என்றேன் நான். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

செந்தில்குமார் தயங்கினார். "நான் புத்தகம் படிச்சு வெகு காலம் ஆச்சுங்க மேடம். பேப்பர்ல தேங்கா வெல மட்டும்தான் பாக்கறது." ஆனாலும் ரோஷக்காரர். மேஜையில் இருந்த புத்தகத்தை எடுத்தார். அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து, வரிக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு, படிக்க ஆரம்பித்தார்.

புத்தகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்கள் ஊர்க் குரூப்பிலும் ஒரு பக்கம் சுற்றும். கதை மட்டும் சொல்கிறேன். சோமனூர் மாதிரி ஒரு விசைத்தறி ஊர். தறிச் சத்தத்தில் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கரண்ட் போனால் திடீரென்று அமைதியாகிவிடும். அப்போது அப்பாவுக்கும் மகளுக்கும் பேச எதுவுமே இருக்காது. மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார்...

செந்தில்குமாருக்கு நல்ல குரல். தோப்பில் லோடு ஏற்றும்போது சத்தம் போட்டுப் பழகிய குரல். ஆரம்பத்தில் தடுக்கியது, போகப்போக ஓடியது. அந்தப் பக்கம் வந்தது. 'அவருக்கு வாய் இருக்கிறது, காது இல்லை.' அந்த வரியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. 'பஸ் ஸ்டாண்டில் சரவணன் காத்திருப்பான்.'

நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பார்த்தீங்களா என்பது போல.

"சித்த அடுத்த பக்கத்தையும் படிங்க சார்" என்றார் கலாமணி. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

புரட்டினார். படித்தார். பஸ் ஸ்டாண்டில் சரவணன் நிற்கிறான். கையில் ஒரு பொட்டலம். 'அம்மா உனக்கு இட்லி கட்டிக் குடுத்து விட்டிருக்கு. பஸ்ல ஏறுனதும் சாப்பிட்டுடு' என்கிறான். 'சரிண்ணா. பெரியம்மாகிட்டச் சொல்லிடு' என்கிறாள் அவள்.

"அண்ணனுங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

செந்தில்குமார் அந்த வரியை மறுபடி ஒரு தடவை, மனசுக்குள், படித்தார். "ஆமாங்க... பெரியம்மா பையன்" என்றார்.

"ஓடிப்போறவங்க யாராச்சும் இட்லி கட்டிட்டுப் போவாங்களாங்க?" என்று சுஜாதா சொல்லி முடிப்பதற்குள் மேஜையே குலுங்கியது. ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் உலகமே தேடிய காதலன் சரவணன், கடைசியில் இட்லிப் பொட்டலத்தோடு ஒரு அண்ணன்!

இத்தோடு முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று நான் கைப்பையை எடுத்தேன். ஆனால் செந்தில்குமார் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணனோ தம்பியோ, எவனோ இருக்கட்டுமுங்க" என்றார். "பெத்தவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஒரு புள்ள கெளம்பிப் போறது சரிங்களா? நீங்களே சொல்லுங்க மேடம். அதப் படிச்சா நம்ம புள்ளைக என்ன நெனைக்கும்?"

புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார். அதுவரை எனக்கு அவர் வெறும் வாட்ஸ்அப் கோபக்காரர். அந்த நிமிடம்தான் ஒரு அப்பாவாகத் தெரிந்தார். பயந்துபோன அப்பா.

நான் என்ன சொல்ல? சரி என்று சொல்ல முடியுமா? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் சொல்லாமல் ஒரு பஸ் ஏறினால் நான் 'சபாஷ்' என்பேனா? தப்பு என்றால்... அவளுக்கு அன்று வேறு வழியும் இல்லையே?

கலாமணிதான் பேசினார். "நல்ல கேள்விங்க சார். மீதியையும் படிச்சுப்போட்டு வந்து இதே கேள்வியக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றனுங்க. புத்தகத்த ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள திருப்பித் தந்துடோணுங்க. லைப்ரரி புக்கு."

பூட்டிய நூலகத்தின் நூலகர். ஆனாலும் நூலகர்!

அந்த வாரம் நானும் புத்தகத்தைத் தேடி டவுனுக்குப் போனேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "தீந்துபோச்சுங்க. ரெண்டு நாளா கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. என்னங்க, சினிமாவா எடுக்கறாங்களா?" எப்படியோ வேறு கடையில் கிடைத்தது.

படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மகா காவியம் ஒன்றும் இல்லை. நடுவில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே அழுகிறார்கள். ஆனால் கடைசி அத்தியாயம்... அதை அப்புறம் சொல்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். எல்லாப் புத்தகமும் எல்லாக் குழந்தைக்கும் ஆகுமா? ஆகாதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொலைக் கதையைக் கொடுப்பேனா? மாட்டேன். எந்த வயதுக்கு எது என்று யாராவது ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். அதற்குத்தானே படித்துப் பார்த்து அடுக்கி வைக்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்? நாம் என்ன செய்கிறோம்... அவரை ரசீது போட அனுப்பிவிட்டு, ஒட்டகத்தைப் பிடித்து உள்ளே வைக்கிறோம். பிள்ளைகளின் கையில் இருக்கிற போனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எந்தக் கமிட்டியும் கூடியதாகத் தெரியவில்லை. புத்தகம் பாவம், சோபாவில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது. மாட்டிக்கொள்கிறது.

அடுத்த சனிக்கிழமை. இந்தத் தடவை காட்டன் புடவைதான். செந்தில்குமார் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் புத்தகம். பழைய நியூஸ் பேப்பரில் அட்டை போட்டிருந்தார்!

"முடிச்சுட்டனுங்க" என்றார். "தோப்புல லோடு ஏத்திட்டு இருக்கறாங்க, லாரிக்காரர் ஆரன் அடிக்கறாரு, நான் மரத்தடில உக்காந்து படிச்சுட்டு இருக்கறன். ஆளுக எல்லாம் என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"ஒரு விசயம் சொல்லோணுங்க. நான் போட்டோ போட்ட நாள்ல இருந்து என்ற புள்ள எங்கூடப் பேசறதில்லீங்க. கேட்டாக் கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். புத்தகத்தப் புடுங்கிட்டங்கற கோவம்னு நான் நெனைச்சுட்டு இருந்தேன். என்ற ஊட்டுக்காரிதான் சொன்னா. கிளாஸ்ல பசங்க, 'ஏ நிவேதா, சரவணன் வந்தாச்சா?'ன்னு கேக்கறானுகளாமா. தெனமும். அந்தப் புத்தகம் யாரு எடுத்ததுன்னு எல்லாத்துக்கும் தெரியுமில்லீங்க? நான் ஸ்கூல அசிங்கப்படுத்தறன்னு நெனைச்சுட்டு... என்ற புள்ளையவே..."

தண்ணீர் குடித்தார்.

"படிச்சு முடிச்சதும் அவ ரூமுக்குப் போனனுங்க. என்ன பேசறதுன்னு தெரியல. 'அம்மணி, நானும் படிச்சுட்டேன்'னேன். நம்பல. கதையச் சொன்னேன். அப்பறம் நம்புனா. 'உனக்கு இதுல யாரப் புடிச்சுது கண்ணு?'ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணத்தான் சொல்லுவான்னு இருந்தேன். புத்தகத்த வாங்கிப் பொரட்டுனா. அப்பறம், 'அந்த அப்பாவ'ன்னா."

"அப்பாவயா?" என்றார் சுஜாதா.

"எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு. 'ஏஞ்சாமி?'ன்னேன். 'கடைசில வந்தாருல்லப்பா'ன்னா."

கடைசி அத்தியாயத்தை நான் இப்போது சொல்லியாக வேண்டும். தறியை விட்டு எங்கும் போகாத அந்த அப்பா, பஸ் ஏறி, வழி கேட்டு, நர்சிங் காலேஜ் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நிற்கிறார். மகள் அவசரத்தில் விட்டுப்போன சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வந்திருக்கிறார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. 'தறிச் சத்தத்துல நீ சொன்னது எனக்குக் கேக்கல' என்கிறார். அவ்வளவுதான்.

"அந்த வரியப் பாத்தப்ப, வாய் இருக்குது காது இல்லைன்னு எழுதியிருக்கறதப் பாத்தப்ப, என்ற புள்ள என்னையத்தான் நெனைச்சுக்குவான்னு பட்டுதுங்க" என்றார் செந்தில்குமார். "அதுதானுங்க கோவம். சரவணனெல்லாம் அப்பறம்தான்."

எத்தனை ஆண்கள் இதை நாலு பேர் முன்னால் சொல்வார்கள்? எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பிறகு கலாமணி பக்கம் திரும்பினார். "போன வாரம் ஒரு கேள்வி கேட்டனுங்க. பதில் சொல்றேன்னீங்க. சொல்லாம போனது சரிங்களா?"

"எனக்கும் சரின்னு படலீங்க சார்" என்றார் கலாமணி. "தப்புன்னும் சொல்ல முடியல. எத்தன தடவ படிச்சாலும் முடியல. அதனாலதான் ஒம்பதாவதுக்கு வெச்சேன். இன்னும் கொஞ்ச நாள்ல அதுகளும் இந்தக் கேள்விக்கு வந்து நிக்குமில்லீங்க?"

செந்தில்குமார் புத்தகத்தைக் கலாமணி பக்கம் நகர்த்தினார். "எனக்கு இன்னும் தப்புன்னுதானுங்க படுது. ஆனா புத்தகம் இருக்கட்டுமுங்க" என்றார்.

ஈஸ்வரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பறம் என்னுங்க, எல்லாம் சரியாப் போச்சு. கலாமணி, திங்கக்கெழமைல இருந்து நீங்க லைப்ரரிக்கே போயிக்கலாமுங்க" என்று சாவியை நீட்டினார்.

கலாமணி வாங்கவில்லை.

"புத்தகம் திரும்பி வந்துடுச்சுங்க சார். என்ற பேரு?" என்றார். குரல் உயரவில்லை. "குரூப்ல என்ற போட்டோ போட்டாங்க. என்ற மாமியார் ஊர் வரைக்கும் போயிருக்குதுங்க. 'உம்பட மருமக ஸ்கூல்ல என்ன பண்ணுனா?'ன்னு கேக்கறாங்க. அதுக்கு என்னுங்க பண்றது?"

சாவி ஈஸ்வரமூர்த்தியின் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

செந்தில்குமார் போனை எடுத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும், அதே குரூப்பில், குரல் பதிவு. "வணக்கமுங்க. நான் நிவேதா அப்பா செந்தில்குமார் பேசறனுங்க. அந்தப் புத்தகத்த நான் படிக்காமயே போட்டோ போட்டுப்போட்டேன். இப்ப முழுசாப் படிச்சுட்டனுங்க. அந்தச் சரவணன் அந்தப் புள்ளைக்கு அண்ணனுங்க. லைப்ரரி மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. என்ற மேலதானுங்க தப்பு. அவிய போட்டோவ யாரும் வெச்சுக்காதீங்க, அழிச்சுப்போடுங்க. நிவேதாவையும் யாரும் கிண்டல் பண்ண வேண்டாமுன்னு உங்க பசங்ககிட்டச் சொல்லுங்க."

அனுப்பிவிட்டு, கலாமணியைப் பார்த்துக் கை கூப்பினார். கலாமணி சாவியை வாங்கிக்கொண்டார்.

போட்டோவுக்கு அன்றைக்குக் கோபம் கொட்டிய குரூப், மன்னிப்புக்கு எத்தனை கட்டைவிரல் காட்டியது தெரியுமா? சாயங்காலம் வரை இரண்டு. அதில் ஒன்று சுஜாதா. தீ பரவுகிற வேகத்தில் தண்ணீர் என்றைக்குப் பரவியிருக்கிறது? ஆனாலும் நிவேதா மறுநாள் காலை அப்பாவின் வண்டியில்தான் டியூஷனுக்குப் போனாளாம். வழியெல்லாம் பேசிக்கொண்டே. அந்த இரண்டாவது கட்டைவிரலும் அவளுடைய அம்மாவுடையதுதானாம்.

டாக்டர் எழுதிய புத்தகம் திரும்பி வந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிகளும் வந்துவிட்டன. ஒட்டகமும் வீடு வந்து சேர்ந்தது. ஈஸ்வரமூர்த்தி ஒரு புது விதி போட்டிருக்கிறார். எந்தப் புத்தகத்தைப் பற்றிப் புகார் சொன்னாலும், சொல்கிறவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். படித்துவிட்டுச் சொல்லும் புகாரை உட்கார்ந்து கேட்பார்கள். இதைவிட நல்ல தணிக்கை முறை எனக்குத் தோன்றவில்லை. பாதிப் பேர் படிக்கச் சோம்பல்பட்டே புகாரை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் படித்துவிடுவார்கள்!

முந்தாநாள் கலாமணி போன் செய்தார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா புது விதிப்படி முதல் புகார் கொடுத்திருக்கிறாராம். பேய்க் கதைப் புத்தகம். படித்த நாளிலிருந்து பையன் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டேன் என்கிறானாம். விதியைச் சொல்லிப் புத்தகத்தை அந்த அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார்களாம். அவரும் பொறுப்பாக, ஒரு பக்கம் விடாமல் படித்து முடித்துவிட்டாராம்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு ரூமிலும் லைட் எரிகிறதாம்.